'ஏலா' என்று சொல்லும் பிள்ளை

மஃரிபுக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலுடன் எங்கள் வீட்டுக்கு வரும் தாய்மார் பலர். "ஹஸரத், புள்ள சொல்லுற பேச்சக் கேக்கிறானே இல்ல. எதச் சொன்னாலும் ஏலா, ஏலா. கொஞ்சம் ஓதித் தாங்க" என்பார்கள். நானும் ஓதிக் கொடுப்பேன். அல்லாஹ்வின் கலாமில் ஷிஃபா இருக்கின்றது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போத்தலை வாங்குவதற்கு முன்னர் ஒரு கேள்வி கேட்பேன்: "பிள்ளைக்கு வயது என்ன?"

வரும் பதில்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகின்றேன். பெரும்பாலும் இரண்டு, இரண்டரை. இல்லாவிட்டால் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த முறைப்பாட்டோடு வருபவர்கள் மிகக் குறைவு. ஒரே நோய் இரண்டு வயதில் வந்து, மறைந்து, பதினான்கில் திரும்பவும் வருகிறதா? நோய் என்றே நான் நினைக்கவில்லை. இரண்டும் அல்லாஹ் மனிதப் பிள்ளையின் வளர்ச்சியில் வைத்திருக்கின்ற இரண்டு படிகள்.

முதற்படியைப் பார்ப்போம். குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்பாக ஒரு பொட்டை வைத்து, கண்ணாடிக்கு முன்னால் விடுகின்ற ஒரு சோதனையை உளவியலாளர்கள் 1970களிலிருந்து செய்து வருகின்றார்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரியும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும், அதைத் தொடப் போகும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு மாற்றம் வருகின்றது. குழந்தை கண்ணாடியை விட்டுவிட்டுத் தன்னுடைய மூக்கைத் தடவிப் பார்க்கின்றது. அங்கே தெரிவது 'நான்' என்பது அதற்கு விளங்கிவிட்டது. வீட்டிலே பணம் செலவில்லாமல் நீங்களும் செய்து பார்க்கலாம்.

'நான்' என்று ஒருவன் இருப்பது தெரிந்தவுடன், அந்த 'நான்' உம்மாவிலிருந்து வேறானவன் என்பதையும் அவன் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவனிடம் இருக்கின்ற ஒரே ஆயுதம் 'ஏலா'. பசி இருக்கும், சோற்றையும் பிடிக்கும், ஆனாலும் ஏலா. குளித்தால் வெளியே வர மனமிருக்காது, ஆனாலும் குளிக்க ஏலா. உம்மாவை வெல்வதற்காக அவன் இதைச் சொல்வதில்லை. தனக்கும் ஒரு விருப்பம் இருக்கின்றதென்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கின்றான். எரிக் எரிக்ஸன் என்ற உளவியலாளர் 1950 இல் வெளியிட்ட நூலில் இந்த வயதின் போராட்டத்தைத் தன்னாட்சிக்கும் வெட்கத்துக்கும் இடையிலான போராட்டம் என்று விளக்கினார். எப்போதும் அடக்கப்பட்ட பிள்ளையிடம் தன்னைப் பற்றிய வெட்கமும் சந்தேகமும் குடியேறிவிடும் என்பது அவருடைய கருத்து.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருவதுண்டு. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டு வரப்பட்டது. அருந்திவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வலப்பக்கத்தில் ஒரு சிறுவர், இடப்பக்கத்தில் வயது முதிர்ந்தவர்கள். வலப்பக்கத்தவருக்கே முதலுரிமை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க அனுமதி தருவாயா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். நபியவர்கள் பாத்திரத்தை அவருடைய கையிலேயே வைத்துவிட்டார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கின்றது.

நம்முடைய வீட்டு விருந்தொன்றில் இது நடந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. "பெரியாக்களுக்கு முன்னால என்ன பேச்சு இது?" என்று ஒருவர் அதட்டுவார். உம்மாவின் முகம் சிவந்துவிடும். இரவில் பிள்ளைக்கு அடியும் விழலாம். நபியவர்களோ கேட்டார்கள், பதிலை ஏற்றார்கள். உண்மையாகக் கேட்கப்படும் கேள்விக்கு மறுப்பும் ஒரு பதில்தானே.

இதை வாசித்துவிட்டு, பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே நபியவர்கள், சிறுவராயிருந்த பேரர் ஹஸன் (ரழி) அவர்கள் ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலே போட்டபோது, உடனே துப்பச் செய்தார்கள். அங்கே அனுமதி கேட்கவில்லை. ஆனால் காரணத்தைச் சொன்னார்கள்: நாங்கள் ஸதகாப் பொருளை உண்பதில்லை. ஹராம், நெருப்பு, கிணறு, பெருந்தெரு ஆகியவற்றிலே பிள்ளையின் 'ஏலா' செல்லாது. நம்முடைய வீடுகளிலோ தலைகீழாக நடக்கின்றது. சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்பதில் பிள்ளையோடு யுத்தம் செய்கின்றோம். தெருவுக்கு ஓடும்போது "பாருங்க எவ்வளவு சுறுசுறுப்பு" என்று சிரிக்கின்றோம்.

இரண்டு வயதில் பிள்ளை நிலத்தில் புரண்டு அழுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆசை பெரிதாக இருக்கின்றது, அதைச் சொல்லும் வார்த்தைகள் போதாது. அடக்கிக்கொள்ளும் மூளைப்பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருப்பது, மிகவும் மெதுவாகவே முதிர்கின்றது. அது முழுமையடைய இருபது வயதையும் தாண்டிவிடும் என்று இன்றைய மருத்துவம் சொல்கின்றது. அழுது புரளும் பிள்ளைக்கு அந்த நேரம் நியாயம் பேசிப் பயனில்லை. பக்கத்தில் இருங்கள், அடிபடாமல் பாருங்கள், அடங்கியதும் அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "குளிக்க வாறியா?" என்று கேட்காமல் "பெரிய கோப்பையால ஊத்தவா, சின்னக் கோப்பையால ஊத்தவா?" என்று கேளுங்கள். குளிப்பது உங்கள் முடிவு, கோப்பை அவனுடைய முடிவு.

கோனிபில்லா வருவான், பொலிஸ் வரும், டொக்டர் ஊசி போடுவார் என்று பயமுறுத்தி அடக்குவது நம் ஊர்களில் பழைய வழக்கம். என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கின்றார்கள். "ஹஸரத்துக்கிட்ட சொல்லவா?" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் ஐந்து வயதில் குர்ஆன் மத்ரஸாவின் வாசலில் தூணைக் கட்டிப்பிடித்து அழுகின்றது. அந்தப் பயத்தைப் போக்கி அலிஃப், பே சொல்லிக் கொடுக்கவே எங்களுக்கு ஒரு மாதம் போய்விடுகின்றது. தயவு செய்து எங்களை விட்டுவிடுங்கள்.

ஆசை காட்டி ஏமாற்றுவதும் அப்படித்தான். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, ஒன்று தருகிறேன் வா என்று அவருடைய தாயார் அழைத்தார். வீட்டிலிருந்த நபியவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகின்றது.

பொய்யைப் பற்றிப் பேசும்போது நான்கு வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983 இல் ஒஸ்திரியாவில் இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சொக்லட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகின்றான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறு அலுமாரிக்கு மாற்றிவிடுகின்றாள். திரும்பி வந்த சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள், சொக்லட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்தார்கள். நான்கு வயதைத் தாண்டியவர்களில் பலர் பழைய அலுமாரியைக் காட்டினார்கள். என் மனதில் இருப்பது உம்மாவின் மனதில் இல்லை என்ற பெரிய உண்மை இந்த வயதில்தான் பிள்ளைக்குப் புலப்படுகின்றது. நம்பும்படி பொய் சொல்லும் திறமையும் அதனோடு வருகின்றது. அடுத்தவரின் துக்கத்தை விளங்கிக்கொள்ளும் இரக்கமும் அதே வாசலால்தான் வருகின்றது. முதற்பொய்யைக் கேட்டு, பிள்ளை கெட்டுவிட்டதே என்று தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

அப்போது என்ன செய்வது? 1111 இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைப் பேசியிருக்கின்றார்கள். பிள்ளை ஒரு தடவை ஒரு பிழையைச் செய்துவிட்டால், அதுவும் அதை மறைக்க முயன்றால், பெற்றார் காணாதது போல் விட்டுவிட வேண்டும், திரையைக் கிழிக்கக் கூடாது என்பது அவர்களுடைய அறிவுரை. மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓயாமல் ஏசினால் ஏச்சு பிள்ளைக்குப் பழகிப்போய்விடும் என்றும் எச்சரிக்கின்றார்கள். அவர்களுக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வந்த இப்னு கல்தூன், முகத்திமாவில் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றார். கடுமையில் வளரும் மாணவன், தண்டனைக்குத் தப்புவதற்காகப் பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறான், பிறகு அதுவே அவனுடைய குணமாகிவிடுகிறது என்கின்றார். அரபுக் கல்லூரியில் இந்தப் பகுதிகளை இலக்கணத்துக்காகவும் சொல்லழகுக்காகவும் வாசித்தோம். பிள்ளைகளோடு பழகிய பிறகுதான் அவற்றின் கனம் தெரிகின்றது.

ஏழு வயதிலிருந்து பத்து, பதினொன்று வரை வீட்டில் ஓரளவு அமைதி. பிள்ளை ஒழுங்குகளை விரும்புகின்ற வயது இது. விளையாட்டிலே விதியை மீறினால் "கள்ள ஆட்டம்" என்று சண்டை பிடிப்பதும் இந்த வயதில்தான். ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொன்ன மார்க்கத்தின் ஹிக்மத்தைப் பாருங்கள். ஏழுக்கும் பத்துக்கும் இடையிலே மூன்று வருடங்கள், ஐந்து நேரம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அன்பாக அழைக்கச் சந்தர்ப்பம். அந்த ஐயாயிரத்தை விட்டுவிட்டு, பத்து வயதில் பிரம்பைப் பற்றி மட்டும் விசாரிக்கும் வாப்பாமார் இருக்கின்றார்கள். இந்த வயதைப் பாழாக்குவதற்கு நம் நாட்டில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருக்கின்றது. அதைப் பற்றி எழுதினால் இந்தச் சஞ்சிகை போதாது.

'ஏலா' என்று சொல்லவே சொல்லாத பிள்ளையைப் பற்றி இனிச் சொல்கின்றேன். எங்கள் மத்ரஸாவில் ஓதிய ஒரு சிறுவன். தாய் குவைத்தில் வீட்டுவேலை, வளர்த்தவர் உம்மும்மா. ஆறு வயதில் அவனைப் போல் அடக்கமான பிள்ளை ஊரில் இல்லை. இருக்கச் சொன்னால் இருப்பான், எழும்பச் சொன்னால் எழும்புவான். எல்லோரும் புகழ்ந்தார்கள். தாய் விடுமுறையில் வந்த முதல் வாரத்தில் பிள்ளை மாறிவிட்டான். கொண்டு வந்த விளையாட்டுச் சாமான்களை உடைத்தான், சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டான், தாயைக் கடித்தான். கண்ணூறு என்றார்கள், ஜின் என்றார்கள். உம்மும்மா போத்தலோடு வந்தார்.

நான் ஓதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தாயிடம் சொன்னேன்: "தங்கச்சி, புள்ளைக்கு ஒண்டுமில்ல. இவ்வளவு நாளும் கோபத்தக் காட்ட ஆளில்ல. இப்ப ஆள் வந்திருக்கு." உம்மும்மாவும் கைவிட்டுவிட்டால் போக்கிடமில்லை என்ற பயத்தில் அடங்கியிருந்த பிள்ளை அவன். ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். தாயைப் பிரிந்த குழந்தைகளின் உள்ளத்தைப் பற்றியது. பிரிந்து சேர்ந்த குழந்தை சில வேளை தாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கோபம் காட்டும் என்பதை அவரும் அவருடைய சகாக்களும் பின்னர் விரிவாக அவதானித்தார்கள். பிள்ளை தன் கோபத்தை நம்பிக்கையான இடத்தில்தான் இறக்கி வைக்கும். அந்தத் தாய் என் வீட்டிலேயே அழுதுவிட்டார். கடனுக்காகப் போனவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கடிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா போனதுக்குக் கோவமா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன்.

எப்போதும் அடங்கியிருக்கும் பிள்ளைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கின்றது, ஆனாலும் எழுதாமல் விடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தகாத முறையில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். உறவினராக, அயலவராக, வேன் சாரதியாக, ஆசிரியராக, ஓதிக்கொடுப்பவராகக்கூட இருக்கலாம். என் தொழிலைச் சேர்ந்தவர்களை நான் இதிலிருந்து நீக்கி எழுதவில்லை. "பெரியாக்கள் சொன்னா ஏலாண்டு சொல்லப்படாது" என்று மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை, அந்தப் பெரியவரிடம் எப்படி ஏலா என்று சொல்லும்? பிள்ளை பின்வாங்கும்போது, "மாமாக்கு ஒரு முத்தம் குடு" என்று வலிந்து தள்ளாதீர்கள். ஸலாம் சொன்னால் மரியாதை நிறைவேறிவிட்டது.

ஒரு பிள்ளை திடீரென்று "அங்க போக ஏலா" என்றால், ஏன் என்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் வராது. தலை சீவும்போது, பக்கத்தில் படுத்திருக்கும்போது கேட்டால் வரும். சொன்னதை நம்புங்கள். குடும்ப மானம் என்று மூடி மறைத்தால் மானம் காப்பாற்றப்படுவது அந்தக் கயவனுக்குத்தான். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் நம் நாட்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. 1929 என்ற அதன் இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடலாம்.

பன்னிரண்டு, பதின்மூன்றில் இரண்டாவது 'ஏலா' வருகின்றது. இதைக் கட்டிளமைப் பருவம் என்கின்றோம். இம்முறை பிள்ளை வாயால் சொல்லாமல் கதவைச் சாத்திச் சொல்கின்றது. உம்மாமாரை அதிகம் நோகச் செய்வது இந்தச் சாத்திய கதவுதான். "எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன ரகசியம்?" என்று கேட்கின்றார்கள். ஸூரத்துந் நூரின் 58 ஆம், 59 ஆம் வசனங்களைப் பாருங்கள். பருவமடையாத பிள்ளைகள் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெற்றாரின் அறைக்குள் வர வேண்டும், பருவமடைந்த பின்னர் எல்லா நேரத்திலும் அனுமதி கேட்க வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகின்றான். பருவ வயதோடு கதவுக்கும் ஒரு கண்ணியம் வந்துவிடுகின்றது. அந்த அதபைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் வீட்டில், பெரியவர்களும் பிள்ளையின் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தால் என்ன குறை? போனைக் கொடுக்கும் முன்னர் நிபந்தனைகளைப் பேசி முடியுங்கள். கொடுத்த பிறகு திருட்டுத்தனமாகத் துருவிப் பார்ப்பது வேறு விடயம்.

ஸுப்ஹுக்கு எழும்பாத பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இந்த வயதில் இரவில் பிந்தியே சுரக்கின்றது. பத்து மணிக்குக் கண் மூடாததற்கு அதுவும் ஒரு காரணம். தொழுகைக்கு இதனால் விலக்கு இல்லை. ஆனால் வாளித் தண்ணீரை ஊற்றி எழுப்புவதைவிட, இரவு ஒன்பதுக்கே போனை வாங்கி வைப்பது பலன் தரும்.

நண்பர்களின் விடயம் மிகக் கனமானது. 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் வாகனமோட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிளம் பருவத்தினர் தனியாக விளையாடியதைவிட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மிக அதிகமாக ஆபத்தைத் துணிந்தார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊர்ச் சந்திகளில் ஐஸ் போதையின் முதல் இழுப்பை நீட்டுபவன் பெரும்பாலும் கூட்டாளிதான். அந்த நேரத்தில் நம் பையனுக்குத் தேவைப்படுவது அதே பழைய சொல். வீட்டில் வாப்பாவிடம் மரியாதையாக மறுத்துப் பேசிப் பழகியவனுக்கு அது நாக்கில் வரும். வீட்டில் பயத்தால் அடங்கியவன், அங்கே வேறொருவனுக்கு அடங்குவான். எஜமான் மாறுகிறான், அவ்வளவே.

ஓர் இளைஞர் நபியவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்ட சம்பவம் முஸ்னத் அஹ்மதில் இருக்கின்றது. சூழ இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் அவரை அருகில் அழைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று அவரையே சொல்ல வைத்தார்கள். பிறகு அவர் மீது கையை வைத்து துஆச் செய்தார்கள். நம் பையன்மார் இதில் பாதியைக்கூட நம்மிடம் வந்து கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தச் சொல் கடைசியாகத் தேவைப்படுவது திருமணத்தின்போது. கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். தந்தை தன் விருப்பமின்றி மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்னிப் பெண்ணுக்கு, ஏற்பதா மறுப்பதா என்ற உரிமையை நபியவர்கள் கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் வரும் ஹதீஸை அத்தனை பேர் அறிவதில்லை. மறுக்கத் தெரிந்தவளின் மௌனம் சம்மதமாகலாம். இரண்டு வயதிலிருந்தே வாய் பொத்தப்பட்டவளின் மௌனத்தை எந்த அடையாளமாக எடுப்பது?

சென்ற வருடம் என் மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையனும் தீன்தாரி. எனக்குப் பிடித்திருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேன். ஆணத்தைப் பரிமாறியபடியே, "உயர்தரம் முடியட்டும் வாப்பா, இப்ப ஏலா" என்றாள். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு தரகரிடம் அப்படியே சொன்னேன். "புள்ளட பேச்சக் கேட்டா ஹஸரத் முடிவெடுக்கிற?" என்று அவர் சிரித்தார். ஆமாம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.